இரவல் விலாசம்

அத்தியாயம் பதினான்கு

புஹாரியின் வீட்டில் நான்காவது நாளாக யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சோறாக்கினார்கள், சாப்பிட்டார்கள், தொழுதார்கள், படுத்தார்கள். "உப்பு", "சாவி", "தண்ணி" என்ற அளவில் சொற்கள் நடமாடின. அதற்கு மேல் வாயைத் திறந்தால் சண்டைதான் என்பது வாப்பா, உம்மா, மகள் மூவருக்கும் தெரியும்.

எல்லாம் ஓர் எண்ணால் வந்த வினை. 1.9274.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியானதும், மாத்தளை மாவட்டத்தில் மருத்துவத்துக்குக் கடைசியாக எடுபட்ட புள்ளி இதுதான் என்று மகள் ஜஸ்லா பார்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஜஸ்லா எடுத்தது 1.9268. பத்தாயிரத்தில் ஆறு பங்கு வித்தியாசம். அதுவும் மூன்றாவது முறை எழுதி எடுத்தது. மூன்றுக்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்காது.

இதோடு போயிருந்தால் நஸீப், தலைவிதி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த 1.9274 யாருடையது என்பதுதான் வயிற்றெரிச்சல். அது புஹாரியின் தங்கை மஸீஹாவின் மகன் றினோஸுடையது. அவன் பிறந்தது, வளர்ந்தது, தூங்கி எழுவது எல்லாம் கண்டி மாவட்டத்து அக்குறணையில்.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு; கண்டியில் அது இரண்டைத் தாண்டி நின்றது. அங்கே றினோஸின் பருப்பு வேகாது. அதனால் நான்கு வருடங்களுக்கு முன்னரே மஸீஹா கணக்குப் போட்டாள். றினோஸ் பல்லேபொலவில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று ஒரு சத்தியக் கடதாசி தயாரானது. கையொப்பமிட்டவர் புஹாரி. அதைக் காட்டி மாத்தளையில் ஒரு பாடசாலையில் பெயரைப் பதிந்துவிட்டு, பொடியன் கண்டியில் டியூஷன் டியூஷனாக அலைந்தான். இந்த வீட்டில் அவன் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை.

இப்போது மாவட்ட நிலையில் அவன் இருபத்தேழு. ஜஸ்லா இருபத்தெட்டு. இருபத்தேழோடு கதவு மூடிவிட்டது. அவன் விலகினால், அல்லது விலக்கப்பட்டால், அடுத்து உள்ளே போகிறவள் ஜஸ்லா. இல்லாவிட்டால் அவளுக்குக் கிடைத்திருப்பது விவசாய பீடம்.

இன்று புதன்கிழமை. பதிவு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முற்றத்தில் படங்கை விரித்து மிளகு பரப்பிக்கொண்டிருந்தார் புஹாரி. பல்லேபொலத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் பொருளாளர். நிறுவையில் ஒரு கிராம் பிசகாத மனிதர் என்று ஊரில் பெயர்.

ஜஸ்லா வாசலில் வந்து நின்றாள்.

"வாப்பா, நான் எழுதப் போறேன்."

அவர் நிமிரவில்லை. "என்னத்த?"

"கொழும்புக்கு, கெம்பஸுக்கு ஆள் எடுக்கிற ஆணைக்குழுவுக்கு. றினோஸ் இந்த வீட்டுல ஒரு நாளும் இருக்கலன்னு."

மிளகைப் பரப்பிய கை நின்றது.

"எழுது. அப்பிடியே கீழ என்ட பேரையும் போடு. பொய்ச் சத்தியம் செஞ்சவன் புஹாரின்னு. ஒரு கொப்பிய பள்ளிவாசல் நோட்டீஸ் போர்ட்லயும் ஒட்டு."

"ஒட்டுற மாதிரி வேலைய நான் செய்யல்ல. நீங்கதான் செஞ்சீங்க."

"வாய அடக்கிப் பேசு!" புஹாரி எழுந்துவிட்டார். "கூடப் பொறந்தவ வந்து அழுதா என்ன செய்யச் சொல்றாய்? ஒரு விலாசம்தானே கேட்டா. காணியா கேட்டா? காசா கேட்டா?"

"என்ட எடத்தக் கேட்டாங்க. நீங்க தூக்கிக் குடுத்தீங்க."

சமையலறையில் ஒரு மூடி தடாலென்று விழுந்தது. உம்மா கைறுன்னிஸா நான்கு நாளாகத் தன் அபிப்பிராயங்களைச் சட்டி மூடிகள் மூலமாகத்தான் தெரிவித்து வருகிறாள். யார் பக்கம் என்பது மட்டும் சத்தத்தில் விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

இறங்கியவள் மஸீஹா. புது அபாயா, கையில் ஒரு பெரிய வட்டிலப்பத் தட்டு. பின்னால் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே றினோஸ்.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா! இனிப்போட வந்திருக்கேன். எங்கட குடும்பத்துல மொத டொக்டர், மாஷா அல்லாஹ்!"

வெட்கம் என்கிற சாமான் சிலர் வீட்டுப் பக்கமே போவதில்லை.

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னார்கள். உள்ளே வரச் சொல்லவில்லை. மஸீஹா தானாகவே உள்ளே வந்து, தானாகவே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டை மேசை நடுவில் வைத்தாள்.

"மதினி, ஒரு பிளேன்டியும் இல்லையா?"

"சீனி முடிஞ்சிட்டு," என்றாள் கைறுன்னிஸா.

சீனிப் போத்தல் கழுத்துவரை நிரம்பி மேசையிலேயே இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கைறுன்னிஸாவும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மஸீஹாவின் முகம் சற்றே சுருங்கியது. "எனக்குத் தெரியும், ஒங்களுக்கெல்லாம் மனசுக்குள்ள இருக்கு. ஆனா நாங்க மட்டுமா செஞ்சோம்? கொழும்புலருந்து வந்து இந்த மாவட்டத்து லக்கலயில பேர் பதியிற சனமும் இருக்காம். ஒலகம் செய்றதத்தான் நாங்களும் செஞ்சோம்."

"ஒலகத்துக்கு என்ட வாப்பா சத்தியம் செஞ்சு குடுக்கல்ல மாமி," என்றாள் ஜஸ்லா.

றினோஸ் முதன்முறையாகத் தலையை உயர்த்தினான். "ஒனக்கு மார்க்ஸ் காணாததுக்கு நான் என்ன செய்ய? இன்னும் ரெண்டு கேள்விக்கு ஒழுங்கா விடை எழுதியிருந்தா நீ எனக்கு மேல நிப்பாய். என்ன ஏன் சாட்டுறாய்?"

அது சுட்டது. பொய்யாக இருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. அந்த இரண்டு கேள்விகளை ஜஸ்லா நான்கு இரவுகளாகத் தூக்கமில்லாமல் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"சரி, டொக்டர். மூணு பாடம் பாஸானா மட்டும் கெம்பஸ் போக ஏலாதுதானே? பொதுச் சாதாரண பரீட்சையிலயும் முப்பது எடுக்கணும். ஒனக்கு நான் இந்த வீட்டப் பத்தி ஒரு பொதுப் பரீட்சை வெக்கிறேன். நாலு வருஷம் இருந்த வீடுதானே?"

"விசர்க் கதை கதைக்காத."

"மொதல் கேள்வி. மழ பேஞ்சா எந்த அறை ஒழுகும்?"

றினோஸ் தன் உம்மாவைப் பார்த்தான்.

"உம்மாவப் பாக்காத, கொப்பி அடிக்கக் கூடாது. ரெண்டாவது. கரண்ட் போனா மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"வாசல்ல… கதவுக்குப் பின்னால."

"குசினியில. மூணாவது. ஸ்கூல் போக பஸ் எங்க ஏறுவாய்?"

"மெயின் ரோட்டுல. வேற எங்க?"

"காலையில பஸ் எங்கட வாசல்லதான் திரும்புது. திரும்பக்குள்ள ஜன்னல் எல்லாம் கிடுகிடுன்னு ஆடும். இந்த வீட்டுல ஒரு நாள் படுத்தவனுக்கும் அது தெரியும்." ஜஸ்லா கைகளைக் கட்டிக்கொண்டாள். "பூச்சியம். ஃபெயில். எழும்பிப் போ."

"ஜஸ்லா!" என்று அதட்டினார் புஹாரி. அதட்டலில் பலம் இல்லை.

மஸீஹா கோபப்படவில்லை. அதுதான் அவளுடைய சாமர்த்தியம். தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த விஷயத்தை எடுத்தாள்.

"பாருங்க நானா, நான் சண்டைக்கு வரல்ல. யோசிச்சுத்தான் வந்திருக்கேன். ரெண்டு பேருக்கும் நிக்காஹ் பேசி வெச்சிடுவோம். மொறைப் பொண்ணுதானே? அப்ப அந்த எடம் குடும்பத்த விட்டு வெளிய போகாது. ஜஸ்லா டொக்டராகாட்டி என்ன, டொக்டர்ட பொஞ்சாதியா இருக்கட்டும். விவசாயம் படிச்சு வெயில்ல காயத் தேவல்ல."

யாரும் மூச்சுவிடவில்லை. அதைச் சம்மதத்துக்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டு மஸீஹா தொடர்ந்தாள்.

"கைக்கூலி, சீதனம்னு ஒரு சதம் கேக்க மாட்டேன். இந்த வீட்ட மட்டும் பிள்ளைகட பேருக்கு எழுதினாப் போதும்."

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? நான்கு வருடங்களுக்கு முன் வீட்டின் விலாசம். இன்று வீடு.

புஹாரியின் முகம் கறுத்தது.

"எழும்பு," என்றார்.

"நானா…"

"எழும்புன்னு சொன்னேன்! அந்தத் தட்டையும் தூக்கு. இது என்ட ஒழைப்புல கட்டின வீடு. ஒன்ட மகன் ஒரு ராத்திரி படுக்காத வீடு. நான் இண்டைக்கே ஸமத் ஹாஜியார்ட்டப் போறேன். அந்தக் கடதாசிய வாபஸ் எடுக்கிறேன்."

மஸீஹா எழுந்தாள். இப்போது அவள் குரலில் தேனும் இல்லை, பாகும் இல்லை.

"எடுங்க, பாப்போம். அதுல இருக்கிறது என்ட ஒப்பமில்ல, ஒங்கட ஒப்பம். கேஸ் போட்டா கூட்டுல ஏறுறது நீங்கதான். பொருளாளர் புஹாரி பொய்ச் சத்தியம் செஞ்சவர்னு ஜும்ஆவுக்கு வர்ற சனமெல்லாம் கதைக்கும். என்ட மகனுக்கு இன்னொரு தடவ எழுத ஏலும். ஒங்கட மகளுக்கு?"

வட்டிலப்பத் தட்டை எடுக்காமலே போனாள். வேன் கிளம்பிய புழுதி மிளகின் மேல் படிந்தது.

புஹாரி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "நான் வாறவரைக்கும் நீ ஒண்டும் எழுதாத," என்று மகளிடம் விரலை நீட்டிச் சொன்னார். "நான் முடிக்கிறேன்."

 மகளின் இடம் போனபோது நான்கு நாளாக வராத கோபம், வீட்டைக் கேட்டதும் நாலே நிமிடத்தில் வந்ததே என்று ஜஸ்லா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியிருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார்.

அப்துல் ஸமத் ஹாஜியார் மாத்தளை நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், சமாதான நீதவான். ஆணியும் பெயின்ட்டும் விற்றுக்கொண்டே சத்தியக் கடதாசிகளுக்கு முத்திரை குத்துவார். புஹாரி சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாபஸ் எடுக்க இது என்ன கடையில வாங்கின சாரனா? சத்தியம், புஹாரி. மொதல் சத்தியம் பொய்ன்னு இன்னொரு சத்தியம் செய்யணும்."

"செய்றேன்."

"செய்வீங்க. என்ட முத்திரை என்னாகிறது? பொடியன் ஆளே வராமத்தான் ஒங்கட மொகத்துக்காகக் குத்தினேன்." ஹாஜியார் உள்ளே போய் ஒரு கடதாசிக் கோவையோடு வந்தார். தூசியைத் தட்டி ஒரு பிரதியை உருவி மேசையில் வைத்தார். "அது கிடக்கட்டும். இத நெரப்பினது ஆர்? இது ஒங்கட எழுத்தில்லையே."

புஹாரி குனிந்து பார்த்தார்.

முத்து முத்தான எழுத்து. கோடில்லாத தாளில் கோடு போட்டதுபோல நேர்வரிசை. அந்த எழுத்தை அவர் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வார். நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மஃரிபு தொழுகைக்குப் பிறகு, சாப்பாட்டு மேசையில் வைத்து, "ஒன்ட எழுத்துத்தான் வடிவு, நீ நெரப்பித் தா மகள்" என்று கேட்டவர் அவரேதான்.

"மகள்ட," என்றார். 

"அப்பிடிச் சொல்லுங்க." ஹாஜியார் கதிரையில் வசதியாகச் சாய்ந்தார். "விசாரணைன்னு வந்தா மொதல் கேள்வியே இதாத்தான் இருக்கும். பொய்ன்னு சொல்றவட கையாலயே பொய் எழுதியிருக்கு. அவவும் ஒடந்தை, பொய்யில பங்காளி. ஒனக்கு எந்தக் கெம்பஸும் இல்லன்னு சொல்லிட்டா? டொக்டரும் இல்ல, விவசாயமும் இல்ல. மூணு தடவையும் முடிஞ்ச பிள்ள, வீட்டுல குந்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். போய்ப் பிள்ளைக்கு புத்தி சொல்லுங்க."

பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புஹாரி பஸ் ஏறினார். 

ஓர் உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். மகளைப் பற்றிய பயத்தின் ஓர் ஓரத்தில் அவருக்கு நிம்மதியும் இருந்தது. மகளின் வாயை அடைக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதற்குப் பாசம் என்று பெயரும் வைக்கலாம். பள்ளிவாசலிலும் தலைகுனிய வேண்டியதில்லை. பல்லேபொல வந்து சேரும்வரை அவர் சொல்லப் போகும் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது வீட்டுக்குள் நுழைந்தார்.

ஜஸ்லா மேசையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கத்துக்கு மாறாகக் கைறுன்னிஸாவும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வட்டிலப்பம் காலையில் வைத்த இடத்திலேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது.

புஹாரி பிரதியை விரித்து மகளின் முன்னால் வைத்தார்.

"இது ஆர்ட எழுத்து?"

ஜஸ்லா பார்த்தாள்.

"ஒன்ட எழுத்து. நீ கடிதம் போட்டா மொதல்ல ஒன்னத்தான் பிடிப்பாங்க. ஒடந்தைன்னு சொல்லி விவசாயத்தையும் பறிச்சிடுவாங்க. நான் எனக்காகச் சொல்லல்ல, ஒனக்காகத்தான் சொல்றேன். இதோட விட்டுடு. வெள்ளிக்கிழமைக்கு முந்தி விவசாயத்துக்குப் பதி."

பஸ்ஸில் பார்த்த ஒத்திகை வீண்போகவில்லை. ஒரு சொல் தடுமாறாமல் வந்தது.

"எனக்குத் தெரியும் வாப்பா," என்றாள் ஜஸ்லா.

"என்ன தெரியும்?"

"அது என்ட எழுத்துன்னு. எழுதினவளுக்குத் தெரியாதா? அத எழுதக்குள்ளயே பொய்ன்னும் தெரியும். நீங்க எப்ப இத எடுத்து என் முன்னால வெப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, பிரதியின் மேலேயே வைத்தாள். பல்லேபொலத் தபாலகத்தின் பதிவுத் தபால் துண்டு. இன்றைய திகதி.

புஹாரி துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "போட்டுட்டியா? நான் வாறவரைக்கும் எழுதாதன்னு சொன்னேனே!"

"நானும்தான் கூடப் போனேன்," என்றாள் கைறுன்னிஸா. நான்கு நாளில் அவள் கணவரிடம் பேசிய முதல் முழு வசனம் அது.

ஜஸ்லா கடிதத்தின் பிரதியை நீட்டினாள். புஹாரி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். முதல் பந்தியில் றினோஸ். இரண்டாவது பந்தியில் அதே முத்தான எழுத்து:

'மேற்படி சத்தியக் கடதாசியை நிரப்பியவள் நானே. அப்போது எனக்குப் பதினேழு வயது. அதிலுள்ள விபரம் பொய்யென்று எனக்குத் தெரியும்.'

"விசராடி ஒனக்கு?" புஹாரி கத்தினார்.  "ரெண்டும் போகப் போகுது! அந்த எடமும் இல்ல, இந்த எடமும் இல்ல! ஒன்ட கையாலயே ஒன்ட கழுத்த அறுத்துட்டியே!"

"போனாப் போகட்டும். என்ட எழுத்தக் காட்டி ஒங்களாலயும் மாமியாலயும் இனி என்ன மெரட்ட ஏலாது. எனக்கு அது போதும்."

"என்னப் பத்தி என்ன எழுதினாய்? பொய்ச் சத்தியம் செஞ்சார்னா? ஜெயில்ல போடுங்கன்னா?"

"கடைசிப் பந்திய வாசிங்க."

அது பந்தியே அல்ல. ஒரே ஒரு வரி.

'எனது தந்தையிடம் கேட்கப்பட்டால் அவர் உண்மையைச் சொல்வார்.'

புஹாரி அதை இரண்டு முறை வாசித்தார். மூன்றாவது முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"இத… இத எப்பிடி நீ எழுதினாய்?" என்று கேட்டார்.

ஜஸ்லா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தினாள், அறையவில்லை.

கைறுன்னிஸா வட்டிலப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். போகிற போக்கில், கணவரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நானும் அதத்தான் கேட்டேன். அந்த ஒரு வரி மட்டும் பொய்யா உண்மையான்னு தெரியாம எழுதினேன் உம்மான்னு சொன்னா."

மேசையில் கிடந்த புஹாரியின் தொலைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் மஸீஹாவின் பெயர்.

அவர் எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. கடிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.